மூன்றாவது தெரு மரங்களை வெட்டுவதற்கு முன்: நம் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

நலச்சங்கத் தலைவர் ஐயா, செயலாளர் சார், பொருளாளர் அம்மா, தெருப் பிரதிநிதிகள், வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்கும் தூங்காமல் வெட்டலாம், வெட்டக் கூடாது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கட்சிக்காரர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் வைக்கப்போகிற தீர்மானத்தைப் படித்தேன். குடியிருப்போரின் பாதுகாப்பு கருதி மூன்றாவது தெருவிலும் பூங்கா ஓரத்திலும் உள்ள பெரிய மரங்கள் அனைத்தையும், பிள்ளையார் கோயில் அரசமரம் நீங்கலாக, அப்புறப்படுத்துவது என்று இருக்கிறது. அந்தப் பெரிய மரங்களிலேயே பெரியது தூங்குமூஞ்சி. அதன் பாதி என் வீட்டு மொட்டை மாடி மேல்தான் இருக்கிறது. கிளை ஒடிந்தால் முதலில் போவது என் தண்ணீர்த் தொட்டி, அடுத்தது கூரை, அதற்கு அடியில் படுத்திருக்கும் நாங்கள். அதனால் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இயற்கை பேசுகிறேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. அந்த உரிமையில் கேட்கிறேன், இந்தத் தீர்மானத்தை இப்படியே நிறைவேற்றாதீர்கள். நம் தெருவில் வெட்டியே ஆக வேண்டிய மரம் இருக்கிறது, அதை மழைக்கு முன்பே எடுத்தாக வேண்டும். ஆனால் எதை என்று தீர்மானம் எழுதியவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் உயரத்தைத்தான் பார்த்தார்கள், ஒரு மரத்தின் அடியிலும் குனிந்து பார்க்கவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஓர் இலையைக்கூடத் தொடவிட மாட்டோம் என்று எழுதுகிறீர்கள், பறவைக்கூடு படம் போடுகிறீர்கள், சரி. ஆனால் பட்டுப்போன கிளையில் கூடு இருந்தால் அந்தக் கிளை பட்டது பட்டதுதான். கீழே பள்ளி வேன் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற இடம் அது. மரத்தின் மேல் பிரியம் இருக்கிறது என்றால் எந்த மரம் விழும் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இந்தப் பயம் எங்கே தொடங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். போன ஐப்பசியில் பூங்கா முனையில் இருந்த மயிற்கொன்றை சாய்ந்து, கீழே நிறுத்தியிருந்த காரை நசுக்கியது. புயல் இல்லை, சொல்லிக்கொள்கிற மாதிரி காற்றும் இல்லை, விடாத மழை மட்டும்தான். மறுநாள் அதை அறுத்து எடுப்பதற்கு முன் வேர்ப்பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். அதற்குக் கீழே "ரிப்" என்று சிலர் போட்டீர்களே தவிர, படத்தை யாரும் உற்றுப் பார்த்ததாகத் தெரியவில்லை. இப்போது திரும்பப் பாருங்கள். சாலைப் பக்கத்து வேர்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அறுபட்டிருக்கும். அறுபட்ட வாய் கறுத்து, நைந்து, கையால் பிய்த்தால் பிய்ந்து வரும் அளவுக்கு அழுகியிருக்கும். ஒரு ராத்திரி மழையில் அப்படி அழுகாது. மழைநீர் வடிகால் கட்டுவதற்கு ஜேசிபி வைத்துத் தண்டிலிருந்து இரண்டு அடியில் பள்ளம் தோண்டினார்களே, அப்போது அறுந்த வேர்கள் அவை. அதற்குப் பிறகு அந்த மரம் ஒரு பக்கப் பிடிமானம் இல்லாமலேயே நின்றுகொண்டிருந்தது. ஈரம் மண்ணை இளக்கியதும் போய்விட்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுவில் நடக்கிற பாதிச் சண்டை வேரைப் பற்றிய தப்பான படத்தை மனதில் வைத்துக்கொண்டு நடக்கிறது. மரத்துக்கு மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழத்துக்கு ஆணிவேர் போயிருக்கும் என்று பலரும் நினைக்கிறோம். வளர்ந்த பெரிய மரத்தில் அப்படி இல்லை. வேரில் மிகப் பெரும்பகுதி மேல்மண்ணில்தான், இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள், பக்கவாட்டில் ஓடுகிறது. ஓடும் தூரம் கிளை விரிப்பையும் தாண்டிப் போகும். அகலமான தாம்பாளத்தின் நடுவில் நிறுத்திய குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பாளத்தில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டால் விளக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதற்குப் பொறியியல் படிக்க வேண்டாம்.

கட்டட வேலை நடக்கும் இடங்களில் மரத்தைக் காப்பாற்ற உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. நெஞ்சு உயரத்தில் தண்டின் குறுக்களவை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால், தண்டைச் சுற்றி அவ்வளவு தூரத்துக்கு மண்ணைத் தொடக்கூடாது. டேப்பால் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு வந்துவிடும். சுற்றளவு 250 சென்டிமீட்டர் என்றால் குறுக்களவு சுமார் 80 சென்டிமீட்டர், அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஒன்பதரை மீட்டர், அதாவது முப்பத்தோரு அடி. நம் தெருவே முப்பது அடி ரோடுதான், அதனால் இந்தக் கணக்கை அப்படியே இங்கே நடத்த முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் தடித்த வேர்கள் தண்டுக்கு நெருக்கத்தில், அந்த அளவு மரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருக்கின்றன. இரண்டு அடியில் தோண்டினால் அறுபடுவது அவைதான். வடிகாலைக் கொஞ்சம் வளைத்திருக்கலாம், அல்லது அந்த நாலு மீட்டருக்கு மட்டும் ஆளை வைத்துக் கையால் தோண்டி, தடித்த வேருக்கு அடியில் குழாயை நுழைத்திருக்கலாம். நகராட்சியும் ஒப்பந்தக்காரரும் அதைச் செய்யவில்லை. மேற்பார்வை பார்த்ததாக நோட்டீஸ் போர்டில் படம் போட்டுக்கொண்ட நம் சங்கமும் கேட்கவில்லை.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கதை இல்லை. 2022 ஜூன் மாதம் சென்னை கே.கே. நகரில் போய்க்கொண்டிருந்த கார் மேல் ஒரு பெரிய மரம் விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். அந்தச் சாலையிலும் பக்கத்தில் வடிகால் வேலை நடந்துகொண்டிருந்தது, வேலைதான் காரணமா இல்லையா என்று பெரிய சர்ச்சை ஆனது. நம் தெருவில் அந்தச் சர்ச்சைக்கு இடமே இல்லை, அறுபட்ட வேர் படமாக இருக்கிறது. அந்த வடிகால் ஓடும் பக்கத்தில் இன்னும் மூன்று மயிற்கொன்றை நிற்கின்றன. அதே ஜேசிபி, அதே இரண்டு அடி. என் பட்டியலில் முதலில் வருவது அவைதான். தீர்மானத்தில் அவற்றுக்குத் தனி அவசரம் எதுவும் காட்டவில்லை, பத்தோடு பதினொன்றாக இருக்கின்றன.

அடுத்தது சிமெண்ட். நடைபாதைக்கு டைல்ஸ் ஒட்டியபோது அழகாக இருக்கட்டும் என்று தண்டை ஒட்டியே காங்கிரீட் போட்டு, அதற்கு மேல் வட்டமாகத் திண்ணையும் கட்டினோம். திண்ணை உட்கார நன்றாகத்தான் இருக்கிறது, சாயங்காலம் நானும் உட்காருகிறேன். ஆனால் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகிற வழி அடைபட்டுவிட்டது. அதோடு தண்டின் அடிப்பாகத்தை மண்ணும் சிமெண்டும் மூடிவிட்டால் பட்டை எப்போதும் ஈரத்திலேயே இருந்து அழுகத் தொடங்கும், அழுகுவது வெளியே தெரியவும் தெரியாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் டில்லி மரங்களுக்காக ஓர் உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற காங்கிரீட்டை எடுக்க வேண்டும், புதிதாகவும் போடக்கூடாது. டில்லிக்குச் சொன்னது என்றாலும், டில்லி வேம்புக்கு ஒரு மூச்சு, நம் வேம்புக்கு ஒரு மூச்சா? திண்ணையை உடைக்க ஆகும் செலவு ஒரு மரத்தை வெட்டி இறக்கும் செலவில் கால்வாசிகூட வராது.

மூன்றாவது, ஈ.பி. லைனுக்காக வருஷா வருஷம் நடக்கும் வெட்டு. கம்பியில் கிளை உரசக்கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மழையில் நனைந்த கிளை கம்பியில் பட்டுக்கொண்டிருந்தால் அது மரம் இல்லை, மின்சாரம். ஆனால் எப்படி வெட்டுகிறார்கள் என்று பாருங்கள். கம்பி இருக்கும் பக்கத்தை மட்டும் மொட்டை அடித்துவிட்டுப் போகிறார்கள். எடை முழுவதும் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இரண்டாவது வரிசை இயல்வாகைகள் எல்லாம் இப்படித்தான் வீட்டு மாடிகளை நோக்கிக் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கின்றன. இன்னொன்று, கிளையை நடுவில் குட்டையாக நறுக்கினால் அந்த நுனியில் கொத்துக் கொத்தாகப் புதுக்கிளைகள் கிளம்பும். வெட்டியதால் மரம் அடங்கிவிட்டது என்று நினைக்கிறோம், இரண்டே வருஷத்தில் முன்னைவிட அடர்த்தியாக வந்து நிற்கும். இந்தப் புதுக்கிளைகளுக்குப் பழைய கிளை மாதிரி உள்மரத்தோடு பிணைப்பு இல்லை, மேல்தோலோடுதான் ஒட்டியிருக்கும். அடியில் நறுக்கிய இடம் உளுத்துக்கொண்டே போகும், மேலே கிளை கனத்துக்கொண்டே போகும். தெருவை அடைத்துக்கொண்டு ஒடிந்து விழும் கிளைகளில் நிறைய இந்த ரகம். மொட்டை அடித்தால் பாதுகாப்பு என்று தலைவர் ஐயா அடிக்கடி சொல்வீர்கள், மன்னிக்கவும், மொட்டை அடித்த மரம்தான் சில வருஷம் கழித்து ஆபத்தாகிறது.

சரி, எதைப் பார்க்க வேண்டும்? நான் நிபுணன் இல்லை. ஆனால் நிபுணரைக் கூப்பிடும் முன் நாமே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது, நடந்து பார்த்தேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுத் தூங்குமூஞ்சியில் தொடங்குகிறேன். அது சாய்ந்திருக்கிறது, அதைக் காட்டித்தான் எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். ஆனால் சாய்வில் இரண்டு வகை உண்டு. இளமையிலேயே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து வளர்ந்து, அப்புறம் மேலே போகப் போக நிமிர்ந்த மரம் அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி வேரையும் தண்டையும் தடித்து வைத்துக்கொண்டிருக்கும். நேற்று வரை நேராக இருந்து இன்று சாய்ந்த மரம் வேறு. அதன் எதிர்ப்பக்கத்தில் மண் மேலே தூக்கியிருக்கும், தரையில் புது விரிசல் ஓடும், திண்ணை பிளந்திருக்கும். அப்படிக் கண்டால் பொதுக்குழு கூட்டக் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மரம் சாயும் பக்கத்து வீட்டுக்காரர்களை வேறு அறைக்கு மாறச் சொல்ல வேண்டும். தூங்குமூஞ்சியின் சாய்வு முதல் வகை. அடியில் மண் கிளம்பவில்லை, காளான் இல்லை, மரச்சுத்தியலால் சுற்றித் தட்டினால் எல்லாப் பக்கமும் கெட்டியான சத்தம்தான் வருகிறது. ஆனால் என் மாடிக்கு மேல் நீண்டிருக்கும் பெரிய கிளை தண்டோடு சேரும் இடத்தில் இடுக்கு மிகக் குறுகலாக, பட்டை உள்ளே மடிந்து போயிருக்கிறது. அப்படி மடிந்தால் இரண்டும் ஒட்டி வளர்ந்த மாதிரி தெரியுமே தவிர உள்ளே பிணைப்பு இருக்காது. அந்த ஒரு கிளையை முறையாக இறக்க வேண்டும், பட்ட குச்சிகளை எடுக்க வேண்டும். மரத்தை வெட்ட வேண்டாம்.

பட்டியலில் விதிவிலக்குக் கொடுத்திருக்கிறீர்களே, பிள்ளையார் கோயில் அரசமரம், எனக்கு உண்மையில் பயம் தருவது அதுதான். தெற்குப் பக்கம் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் வந்திருக்கிறது. அலங்காரத்துக்கு அடித்த பெயிண்டுக்குப் பின்னால் பாருங்கள், தெரியும். அடித்தண்டில் அப்படிக் காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே அழுகல் வெகுநாளாக நடக்கிறது என்று பொருள். அது போதாது என்று தினமும் எண்ணெய் விளக்கைத் தண்டை ஒட்டியே வைத்து ஒரு பக்கம் பட்டையே கருகிவிட்டது, தகரக் கொட்டகையின் இரும்புக் கம்பியைத் தண்டிலேயே அடித்திருக்கிறோம். உடனே வெட்டு என்று நான் சொல்லவில்லை, யாரும் அடிக்க வராதீர்கள். உள்ளே பொந்து இருந்தாலே மரம் விழுந்துவிடாது. சுற்றிலும் இருக்கும் நல்ல மரத்தின் தடிமன் தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பெரும்பாலும் தாங்கும் என்பது மரம் பார்ப்பவர்களின் கைக்கணக்கு. பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. எவ்வளவு தடிமன் மிச்சம் இருக்கிறது என்று ஒருவர் அளந்து சொல்லும் வரைக்கும் விளக்கை இரண்டு அடி தள்ளி வைக்கலாம், சங்கடஹர சதுர்த்திக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேராமல் கயிறு கட்டலாம். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேம்புகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஒன்றைத் தவிர. ரேஷன் கடைக்கு எதிரில் குப்பையைப் போட்டு எரிக்கும் இடத்தில் இருப்பது ஒரு பக்கம் பட்டுவிட்டது. அதை எடுத்துவிடலாம், நானே கையெழுத்துப் போடுகிறேன். நாலாவது வீட்டு காம்பவுண்டுக்குள் இருக்கும் தென்னையையும் யாராவது அந்த வீட்டு அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அடித்தண்டிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடிகிறது. அது அடித்தண்டழுகல் நோயாக இருக்கலாம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் பரவியதால் தஞ்சாவூர் வாடல் என்றும் சொல்வார்கள், கனோடெர்மா என்ற காளான்தான் காரணம். மேலே குலை தள்ளிக்கொண்டு இருக்கும்போதே கீழே உளுத்துக்கொண்டிருக்கும். தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டினால் சொல்லிவிடுவார்கள். பக்கத்து மரங்களுக்குப் பரவாமல் சுற்றிப் பள்ளம் வெட்ட வேண்டியிருக்கும்.

மொத்தமாக வெட்டச் சொல்பவர்கள் வர்தா புயலை இழுக்கிறீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தது உண்மை. சாலையோரத்தில் வேர் விரிக்க இடமில்லாமல், சுற்றிலும் தார், சிமெண்ட், கேபிள் பள்ளம் என்று நெருக்கப்பட்டு நின்ற மரங்களுக்கு அன்று என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் விழும் விசை நாலு மடங்காகும். அந்த மாதிரி நாளில் நல்ல மரமும் விழலாம், அதை யாராலும் மறுக்க முடியாது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் டெல்டா தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன, அங்கே சிமெண்டும் இல்லை ஜேசிபியும் இல்லை. ஆனால் நம் தெருவில் விழுந்தது புயலில் இல்லை. சாதாரண மழையில் விழுகிற மரத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும், அதைத்தான் பேசுகிறேன்.

வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கிறது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் மனு கொடுத்திருக்கிறீர்கள். சுவர் மேல் முளைத்த ஆல், அரச மரக் கன்றுகள் பிளக்கும், சந்தேகமே இல்லை, அவற்றைச் சின்னதிலேயே பிடுங்கிவிட வேண்டும். காம்பவுண்டுச் சுவர் மாதிரி ஆழமில்லாத கட்டுமானத்தையும் தடித்த வேர் தூக்கிவிடும். ஆனால் ஒழுங்காகப் போட்ட வீட்டு அஸ்திவாரத்தைத் தள்ளி உடைக்கும் பலம் வேருக்கு அபூர்வம். டிரெயினேஜ் குழாயில் வேர் இருந்தது என்றால் முதலில் குழாய் கசிந்திருக்கிறது, ஈரத்தைத் தேடி வேர் வந்திருக்கிறது. நம் பகுதி களிமண் தரை வேறு. பெரிய மரம் உறிஞ்சிக்கொண்டிருந்த தண்ணீர் மரத்தை எடுத்ததும் மண்ணிலேயே தங்கும், களிமண் உப்பும், அதனாலும் விரிசல் வரும். மரத்தை எடுத்தால் விரிசல் நின்றுவிடும் என்று எந்தக் கொத்தனார் சொன்னாலும் எழுதிக் கேளுங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். மர வியாபாரி ஒருவர் எல்லாவற்றையும் இலவசமாகவே வெட்டித் தருகிறேன், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னதாகவும், சங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை என்றும் சுற்றறிக்கையில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். அவர் மேல் எனக்குக் குறை இல்லை, அவர் தொழில் அது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உளுத்த மரத்துக்கு விலை கிடையாது. அவருக்கு வேண்டியது கெட்டியான, பொந்து இல்லாத, நேராக வளர்ந்த தண்டு. அதாவது எது நிற்கத் தகுந்த மரமோ அதுதான் அவருக்கு லாபம், எது விழப்போகிறதோ அது அவருக்கு விறகு. அவர் கொடுத்த பட்டியலில் தூங்குமூஞ்சியும் நல்ல வேம்புகளும் மேலே இருப்பதும், வடிகால் ஓரத்து மயிற்கொன்றைகள் "பிறகு பார்க்கலாம்" என்று கீழே இருப்பதும் தற்செயல் இல்லை. ஆபத்தை அளக்க வேண்டியவரும் மரத்தை எடுத்துக்கொண்டு போகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வனத்துறையிலிருந்தோ தோட்டக்கலைத் துறையிலிருந்தோ வேளாண் கல்லூரியிலிருந்தோ ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுவோம், அப்புறம் வெட்டுபவரைக் கூப்பிடுவோம்.

சட்டத்தையும் மறந்துவிட்டீர்கள். தெருவில் நிற்கும் மரம் சங்கத்தின் சொத்து இல்லை. அரசு நிலத்து மரத்தை வெட்ட நகராட்சி வழியாக மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவுக்குப் போக வேண்டும். பொதுக்குழுவில் கை தூக்கினால் அனுமதி ஆகாது, நாளைக்கு ஒருவர் புகார் கொடுத்தால் கையெழுத்துப் போட்ட நிர்வாகிகள்தான் நிற்க வேண்டும். மறுபக்கம், உண்மையிலேயே விழப்போகிற மரத்தைப் பற்றி மனு மேல் மனு போட்டும் யாரும் அசையவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. அக்கம்பக்கத்தாருக்கோ வழிப்போக்கருக்கோ காயம் உண்டாக்கும் வகையில் விழக்கூடிய நிலையில் ஒரு மரம் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ சொல்லிக் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். மரம் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. தனியார் காம்பவுண்டுக்குள் நிற்கும் மரத்துக்கும் அது பொருந்தும். ஆகவே நமக்கு வழியே இல்லை, அதனால் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவிடலாம் என்ற பேச்சு வேண்டாம்.

ராத்திரி என்றதும் நினைவு வருகிறது. பெயர் சொல்லவில்லை, ஆனால் தண்டில் துளை போட்டு ஆசிட் ஊற்றலாம், பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் தானாகக் காய்ந்துவிடும் என்று குழுவில் யோசனை சொன்னவர்கள் இருக்கிறீர்கள். காயும், நிச்சயம் காயும். காய்ந்த மரம் எங்கே போகும்? அங்கேயே, வீடுகளுக்கு நடுவில்தான் நிற்கும், கிளை கிளையாக உதிரும், ஏறி வெட்ட வருகிற ஆளுக்குப் பிடித்துக்கொள்ளக்கூட நம்பிக்கையான கொம்பு இருக்காது. பச்சை மரத்தை ஏறி இறக்குவதைவிடப் பட்ட மரத்தை இறக்குவது பல மடங்கு ஆபத்து.

ஏறி வெட்டுகிற ஆட்களைப் பற்றியும் தீர்மானத்தில் ஒரு வரி இல்லை. போன முறை வந்த தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு, இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு ஏறினார், ஈ.பி. லைன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நின்று வீடியோ எடுத்தோம். இந்த முறை லைனை நிறுத்திவிட்டு, இடுப்புக் கயிறும் தலைக்கவசமும் இருந்தால்தான் ஏற்ற வேண்டும். பெரிய கிளையை ஒரே வெட்டில் தள்ளக் கூடாது. முதலில் கொஞ்சம் தள்ளி அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து அறுத்துக் கனத்தைக் கயிற்றில் இறக்கிவிட்டு, கடைசியில் மிச்சக் கட்டையைத் தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் புடைப்புக்கு வெளியே அறுக்க வேண்டும். அந்தப் புடைப்பிலிருந்துதான் மரம் காயத்தைச் சுற்றி மூடும். அதைச் சீவிவிட்டாலும் அழுகும், நீளமாகக் கட்டை விட்டாலும் அழுகும். காயத்துக்குத் தாரும் பெயிண்டும் பூச வேண்டாம், அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு என் திருத்தம் இது, செயலாளர் சார், அஜெண்டாவில் சேர்த்துவிடுங்கள். "அனைத்தையும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, இன்னது வெட்டுவது, இன்னதைக் கிளை கழிப்பது, இன்னதைத் தொடாமல் விடுவது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வெளியாள் ஒருவரை அழைப்பது. வடிகால் ஓரத்து மூன்று மயிற்கொன்றைகளுக்கும் ரேஷன் கடை வேம்புக்கும் நகராட்சியில் உடனே மனு, வேர் படத்தோடு. திண்ணைகளை உடைப்பது. இனி யார் பள்ளம் தோண்ட வந்தாலும் மரத்துக்குப் பக்கத்தில் கையால்தான் தோண்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குவது. எடுக்கும் மரத்துக்குப் பதில் லைனுக்கு அடியில் நெட்டையாக எதையும் வைக்காமல், பூங்கா உள்ளே புங்கன், பூவரசு, நாவல் வைப்பது. மழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும், அதற்குள் அனுமதியும் வெட்டும் முடிய வேண்டும் என்றால் இந்த மாதமே மனு போக வேண்டும்.

இதற்கு எவ்வளவு செலவாகும் என்று பொருளாளர் அம்மா கேட்பீர்கள். இலவசம் இல்லை. என் வீட்டுக் கிளையை இறக்கும் கூலியை நான் தருகிறேன், மற்றதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்போம். நசுங்கிய காருக்கு அந்த வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பில் கட்டிய பில்லை ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசலாம்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தூங்குமூஞ்சி அடியில் இருப்பேன். இரண்டு கட்சிக்காரர்களும் வாருங்கள், ஒரு டேப்பும் மரச்சுத்தியலும் இருந்தால் கொண்டு வாருங்கள். செயலாளர் சார், அந்த வியாபாரி கொடுத்த பட்டியலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், மரம் மரமாக ஒத்துப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மூன்றாவது தெரு மூலை வீட்டுக்காரன்